ஓட்ஸுக்கு ஒரு கோட்

கனடாவில், வின்னிபெக் நகரத்தில், எங்கள் தெருவில் என் பெயர் யாருக்கும் தெரியாது. என் நாயின் பெயர் எல்லோருக்கும் தெரியும். எதிரே வருகிறவர்கள் குனிந்து ‘ஹலோ ஓட்ஸ்’ என்று முதலில் அவனிடம் சொல்லிவிட்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்துப் பொதுவாக ஒரு சிரிப்பு சிரிப்பார்கள். காப்பகத்திலிருந்து அவனைக் கூட்டிவந்த புதிதில், பக்கத்து வீட்டு அம்மாள் அவன் நடையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ‘பேட் ஹிப்ஸா?’ என்று கேட்டார். என் காதில் அது ‘பேட் ஹாபிட்ஸ்’ என்று விழுந்தது. சோபாவில் ஏறிப் படுப்பான், மற்றபடி தங்கமானவன் என்று பதில் சொன்னேன். அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு தன் இடுப்பை இரண்டு முறை தட்டிக் காட்டினார்.

மருத்துவர் படம் எடுத்துப் பார்த்து, இடுப்பு மூட்டில் எலும்பு சரியாகப் பொருந்தவில்லை, குளிர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஆறு மாதம் பனி மூடிக் கிடக்கும் ஊரில் இதைச் சொன்னார். ஓட்ஸுக்கு நெஞ்சு அகலம். பின்பக்கம் மெலிந்து சூம்பியிருக்கும். கடையில் வாங்கிய கோட் எதுவும் அவனுக்குச் சேரவில்லை. நெஞ்சுக்குப் பொருந்தினால் இடுப்பில் தொளதொளத்தது. பாதி வழியில் ஒரு பக்கமாகச் சரிந்து வயிற்றுக்கடியில் தொங்கும். அவன் அதையே மிதித்துத் தடுமாறுவான். நான் வளர்ந்த ஊரில் கடையில் கிடைக்காவிட்டால் துணி எடுத்துத் தைக்கக் கொடுத்துவிடுவோம். நவம்பரில் அப்பாவைப் பார்க்க சென்னைக்குக் கிளம்பியபோது அவனுடைய அளவுகளையும் எடுத்துக்கொண்டேன்.

அப்பா அபிராமபுரத்தில் அண்ணன் குடும்பத்தோடு இருக்கிறார். போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்தது. வீட்டுக்குள் வாக்கரைப் பிடித்து நன்றாகவே நடந்தார். ஆனால் கேட்டைத் தாண்ட மறுத்தார். முன்பெல்லாம் சாயங்காலமானால் பேண்ட், சட்டை மாட்டிக்கொண்டு மயிலாப்பூர்க் குளம்வரை நடந்துவிட்டு, திரும்பும் வழியில் நாலு பேரிடம் நின்று பேசி, இருட்டிய பிறகு வருகிறவர். அம்மா போன பிறகுகூட அந்த நடையை அவர் விட்டதில்லை. இப்போது பால்கனியில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பதோடு சரி. அண்ணன் அதைப் பிடிவாதம் என்றான். மனச்சோர்வாக இருக்கும் என்று நான் பயந்தேன். பயிற்சி கொடுக்க வந்த பெண் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டாள். “இன்னைக்கு வேணாம்மா” என்பார், தினமும்.

தியாகராய நகரில், உஸ்மான் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மழைக்கோட்டும் பைக் கவரும் தைக்கிற பாஷா பாயைக் கண்டுபிடித்தேன். நான் வரைந்திருந்த படத்தை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னாம்மா, கொயந்தைக்கா?”

“நாய்க்கு, பாய்.”

“நாய்க்கு கோட்டா? இன்னா, கோர்ட்டுக்குப் போவுதா?” சிரிக்காமல்தான் கேட்டார். கனடாக் குளிரைப் பற்றி நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கேதார்நாத் போகிறவர்களுக்கு ஸ்வெட்டர் விற்கும் கடை ஒன்றைக் காட்டி, உள்ளுக்கு வைக்கக் கம்பளித் துணி வாங்கிவரச் சொன்னார்.

கோட் நான் வரைந்தபடியே வந்தது. வெளியே மழைத்துணி, உள்ளே மெத்தென்ற கம்பளி, நான்கு காலுக்கும் நான்கு ஓட்டை. வீட்டுக்கு வந்ததும் பெருமையாக அதை அப்பாவின் கட்டிலில் விரித்துக் காட்டினேன். ஓட்ஸ் என்ற பெயர் அவருக்கு என்றுமே பிடித்ததில்லை. கஞ்சிக்குப் போடுவதைப் பேராக வைப்பார்களா என்று கேட்பார். அன்று அவர் பெயரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பின்பக்கத்து ஓட்டை ஒன்றை விரலால் சுற்றித் தடவினார்.

“பின்னங்கால் இதுக்குள்ள போகணுமா?”

“ஆமாம்ப்பா. அப்பதான் கோட் நகராது.”

“எப்படிப் போகும்?”

“ஒவ்வொரு காலாத் தூக்கி விடுவேன்.”

“தூக்கினா அதுக்கு உயிர் போகும்.” கோட்டை மடித்து ஓரமாக வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: “ஒத்தக் கால்ல நிக்க முடியாது, சுமதி. அதான் நான் பேண்டே போடறதில்ல.”

“வேட்டி கட்டிட்டு வரலாமேப்பா. இந்தத் தெருவுல யார் கட்டலை?”

“வாக்கரைப் பிடிச்சா ரெண்டு கையும் அதுல. நடுத்தெருவுல வேட்டி அவுந்தா எந்தக் கையால பிடிக்கிறது? பெல்ட் போட்டும் பாத்தேன். தையல் போட்ட எடத்துல அழுத்துது.”

எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை. ஒரு வருடமாக எத்தனை பேர் அவரிடம் பேசியிருக்கிறோம். மாத்திரை, மனசு, தைரியம் என்று எல்லாவற்றையும் பேசினோம். வேட்டி யாருக்கும் தோன்றவில்லை. ஒட்டிக்கொள்கிற வேட்டி கடையில் கிடைக்கிறதே என்றேன். கல்யாணத்தில் சின்னப் பையன்கள் கட்டுவது என்று முகத்தைச் சுளித்தார். பிறகு, “நாளைக்கு அந்த டெய்லர்கிட்ட நானே வரேன். உனக்குச் சொல்லத் தெரியாது” என்றார்.

ஒரு கையால் என் தோளையும் மறு கையால் வேட்டி முடிச்சையும் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். வாக்கரை மடித்து நான் மடியில் வைத்துக்கொண்டேன். பாண்டி பஜாரைக் கடக்கும்போது, புதிதாக வந்த கடைகளின் பெயர்ப்பலகைகளை வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தார்.

பாஷா பாயிடம் அப்பா விவரமாகச் சொன்னார். “போர்வை மாதிரி மேலேருந்து போத்தணும். வயித்துக்கடியில ஒட்டணும். இடுப்புல எதுவும் இறுக்கக் கூடாது. கால் தரையை விட்டு எழும்பவே கூடாது.” பாய் தலையாட்டியபடி சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே வந்தவர், நிமிர்ந்து கேட்டார்.

“எல்லாம் சரி நைனா. நீ இன்னாத்துக்கு வேட்டியப் புட்ச்சிக்கினே நிக்கிற?”

எங்களிடம் ஒரு வருடம் சொல்லாததை அப்பா அவரிடம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். பாய் தடுப்புக்குப் பின்னால் அவரைக் கூட்டிப்போனார். அளவெடுத்து, கட்டியிருந்த வேட்டியையே வாங்கி, தையல் போட்ட இடத்துக்கு மேலே வருகிற மாதிரி அகலமான ஒட்டுப்பட்டை வைத்துத் தைத்துக் கொடுத்தார். “இப்ப ஓடு நைனா. அவுறாது.”

அப்பா இரண்டு கையாலும் வாக்கரைப் பிடித்து, சந்தின் முனையில் இருந்த டீக்கடைவரை நடந்தார். மூட்டை தூக்கி வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். யாரும் அவரைப் பார்க்கவில்லை. எனக்கும் சேர்த்து அவரே டீ சொன்னார்.

வின்னிபெக் திரும்பினேன். புதுக் கோட் ஓட்ஸுக்குக் கச்சிதமாக இருந்தது. முதல் நாள் மாட்டியதும், எங்கே வலிக்கும் என்று காத்திருப்பவன்போல அசையாமல் நின்றான். வலிக்கவில்லை என்றானதும் உடம்பை ஒரு உலுக்கு உலுக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தான். இந்தக் குளிர்காலத்தில் தெருவின் கடைசிவரை போகிறான்.

எங்களுக்கு மாலை நடை, அப்பாவுக்கு அங்கே காலை நடை. போனை அவர் சட்டைப் பையில் போட்டுக்கொள்வதால் எனக்கு முகம் தெரியாது. சத்தம் மட்டும் வரும். வாக்கர் தரையில் ஊன்றுவது, கோலம் போடுகிறவர்களிடம் அவர் நலம் விசாரிப்பது, காக்கைகள். நேற்று அப்படிப் பேசிக்கொண்டே நடக்கும்போது, பின்னாலிருந்து ஓர் ஆட்டோ விடாமல் ஹாரன் அடித்தது. “வண்டி வருது, ஓரமா வா” என்றார் அப்பா. நான் ஓட்ஸை இழுத்துக்கொண்டு சட்டென்று ஓரமாக ஒதுங்கினேன். முன்னும் பின்னும் ஆளில்லாத வெள்ளைத் தெரு. ஓட்ஸ் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். ஆட்டோ கடந்து போகும்வரை இருவரும் பனியில் ஒதுங்கி நின்றோம்.