படியில் கிடந்த செருப்பு

தொண்டைமானாற்றுத் தடுப்பணையின் கதவுகளைத் திறந்துவந்தவர் வெயிலில் கறுத்த, ஒல்லியான மனிதர். கதவு திறந்தால் நீர் கடலை நோக்கி இழுக்கும். அதனால் முதலில் விசில் ஊதுவார். பிறகு கரையில் செருப்பு ஏதும் மிஞ்சிக் கிடக்கிறதா என்று பார்ப்பார். குளித்தவர்கள் எல்லோரும் ஏறிவிட்டார்களா என்று அறிய அதுவே அவருடைய வழி.

கடந்த மாரியில் ஒரு நாள், எல்லோரும் ஏறிய பிறகும் ஒரு சோடி படியில் கிடந்தது. அது என்னுடையது. அங்கே கழற்றிவிட்டு, வெறுங்காலுடன் கோயிலுக்குப் போய் வந்திருந்தேன்.

"உது ஆரின்ரை செருப்பு?" என்று கத்தினார்.

வயலில் வெள்ளம் ஏறிய கமக்காரர்கள் அவரைச் சூழ்ந்து நின்றார்கள். "என்னண்ணை, செருப்புக்குக் காவல் இருக்கவோ சம்பளம்? பயிர் அழுகுது, திறவுங்கோ!" என்றார் ஒருவர்.

"ஆள் தண்ணிக்குள்ளை நிண்டால் நீரோ பதில் சொல்லுவீர்?"

பிறகு என்னிடம் வந்தார். "தம்பி, உமக்குத் தெரியுமோ?"

அத்தனை பேர் முன்னால் எனக்குக் கூச்சம். "தெரியாதண்ணை" என்றேன்.

அவர் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினார். கழுத்தளவு நீரில் காலால் துழாவி நடந்தார். நடுங்கியபடி ஏறியபோது, உடனே திறக்கும்படி மேலதிகாரியிடமிருந்து அழைப்பு வந்தது. திறந்துவிட்டு, சீறிப் போகும் நீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் வெறுங்காலுடன் பஸ் ஏறினேன்.

ஒரு கிழமை கழித்து உண்மையைச் சொல்லப் போனேன். அங்கே புதியவர் ஒருவர் நின்றார். பழையவர் வேலையை விட்டுவிட்டாராம். எங்கே போனார் என்று எவருக்கும் தெரியவில்லை.

அன்று அந்த நீரில் யாரும் இருக்கவில்லை என்பது அவருக்கு இன்னும் தெரியாது.