பிள்ளையாரைச் சுற்றி ஒருவழிப் பாதை

ரோட்டில் போர்டு நடுகிற உத்தியோகத்தில் ஒரே ஒரு விதிதான் உண்டு: சொந்தத் தெருவில் நடக்கூடாது. எழுபதுகளில் திருவனந்தபுரத்தில் ரோடு ஓவர்சியராக இருந்த நான் நட்டேன். சொந்தத் தெருவுக்கு நல்லது செய்யப்போய் வாங்கிக் கட்டிக்கொண்ட அன்பர்களே, இது உங்களுக்காக.

குறுக்கு வழி

கோட்டைக்குப் பக்கத்தில், ஒரு சின்னப் பிள்ளையார் கோயிலை முக்கால் வட்டமாகச் சுற்றிப் போவது எங்கள் தெரு. சாலை பஜாருக்கு அரிசி மூட்டை கொண்டுவரும் லாரிகளுக்கு அதுதான் குறுக்கு வழி. ஒருநாள் காலை, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மீனுவின் பையை ஒரு லாரி உரசி இழுத்தது. குழந்தைக்கு முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. அவள் அம்மா ராஜம், டெலிபோன் ஆபீசில் வேலை பார்ப்பவர், நேராக என் வீட்டுக்கு வந்தார்.

"ஊர் ரோடெல்லாம் பார்க்கறேளே சார், வாசல்ல இருக்கற ரோடு மட்டும் கண்ணுக்குத் தெரியலையா?"

எஞ்சினியரின் அம்புக்குறி

எங்கள் எஞ்சினியர் கோட்டயத்துக்காரர். வரைபடத்தை விரித்து, லாரிகள் போகும் திசைக்கு நேர் எதிராக அம்பு போட்டு, ஒருவழிப் பாதை என்றார். ஒரு மாதம் பரீட்சை. ஜனங்கள் ஒத்துழைக்காவிட்டால் போர்டைப் பிடுங்கிவிடுவோம், பிறகு லாரி வந்தால் என்னிடம் வராதே என்றும் சொல்லிவிட்டார்.

போர்டு நட்ட அன்றே கோயில் அர்ச்சகர் வந்து அண்ணாந்து பார்த்தார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. லாரிகள் இத்தனை நாளும் பிள்ளையாரை வலமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. இனி தெருவே அவரை இடமாகச் சுற்றவேண்டும்.

"லாரிக்காரன் தெரியாமப் பிரதட்சிணம் பண்ணிண்டிருந்தான். நீங்க எங்களைத் தெரிஞ்சே அப்பிரதட்சிணம் பண்ணச் சொல்றேள், கேட்டேளா," என்றார் அர்ச்சகர்.

தள்ளுகிறவன் பாதசாரி

மறுநாள் காலை தெருவாசிகள் யாரும் விதியை மீறவில்லை. ஸ்கூட்டரை விட்டு இறங்கி, எஞ்சினை அணைத்து, பழையபடி வலமாகவே தள்ளிக்கொண்டு போனார்கள். தள்ளுகிறவன் பாதசாரி, பாதசாரிக்கு ஒருவழி கிடையாது என்பது எதிர்வீட்டு நாராயணன் கண்டுபிடித்த சட்டம். சாயங்காலம் திரும்பும்போதும் அதே தள்ளல்தான்.

லாரிக்காரர்களோ போர்டைச் சட்டையே செய்யவில்லை. இந்த அழகில் பரீட்சை எப்படித் தேறும்? மீனு பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போதெல்லாம் நான் வாசலுக்கு வந்து, அவள் தெருவைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

நடுவில் ஒரு கல்யாணம் வேறு. முன்னால் நாதஸ்வரம், பின்னால் மாப்பிள்ளை அழைப்புக் காரைச் சம்பந்திகள் வேர்க்க விறுவிறுக்கத் தள்ளுகிறார்கள். ஜன்னலில் குனிந்து மாப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"சாரமில்லை சார், பரவாயில்லை. மெதுவாத்தானே போறது. கொஞ்சம் யோசிக்க டயம் கிடைச்சுது," என்றார்.

பரீட்சை முடிவு

மாதக் கடைசியில் எஞ்சினியர் பார்வையிட வந்தார், அதுவும் காலை ஆபீஸ் நேரத்தில். தெரு நிறைய ஸ்கூட்டர்கள் அம்புக்கு எதிராக உருண்டுகொண்டிருந்தன. அவற்றின் பின்னால், ஹாரன் அடித்து ஓய்ந்துபோன ஒரு லாரி. எஞ்சினியர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, போர்டைப் பிடுங்கச் சொல்ல வாயெடுத்தார். தொலைந்தது என்று நினைத்தேன்.

அதற்குள், திருநெல்வேலிப் பக்கத்து டிரைவர் லாரியிலிருந்து குதித்து எங்களிடம் வந்தார். இந்தத் தள்ளலுக்குப் பின்னால் ஊர்ந்து மாளாமல் மற்ற லாரியெல்லாம் போன வாரமே பெரிய ரோட்டுக்குப் போய்விட்டதாம். இவர்தான் ஊருக்குப் போயிருந்ததில் விஷயம் தெரியாமல் வந்து மாட்டிக்கொண்டாராம்.

எஞ்சினியர் திறந்த வாயை மூடிக்கொண்டார். போர்டு நின்றது. மீனு அந்த ஸ்கூட்டர்களுக்கு நடுவே பையை ஆட்டிக்கொண்டு, நடுத்தெருவில் நடந்து போனாள். டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"இவங்களுக்கு அந்தப் பிள்ளையாரே தேவல ஐயா. கும்பிட்டுக் கேட்டா அவராவது நவுந்துருவாரு."

அம்பு காட்டிய பக்கம் ஒரு வண்டிகூடப் போகாமலே முழு வெற்றி பெற்ற ஒருவழிப் பாதை, என் சர்வீஸில் அது ஒன்றுதான்.