நான்காம் எண்ணின் முழுப்பெயர்

உப்புப் போட்ட வெந்நீரைத் தொண்டையில் உருட்டிக்கொண்டே ஆப்பிரிக்கச் சாம்பியன் அணியின் கோல்கீப்பரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் மைக் அக்கா. அந்தப் பெயரின் தொடக்கத்தில், தொண்டையின் அடியிலிருந்து கரகரவென்று ஓர் ஒலி வரவேண்டும். நம் எழுத்தில் அதற்கு இடமில்லை. வாய் கொப்பளிக்கும்போது அது தானாகவே வருகிறது என்று கண்டுபிடித்ததிலிருந்து, காலையும் மாலையும் அந்தக் கோல்கீப்பர் அக்கா வீட்டுக் குளியலறையில் கடகடவென்று உருண்டுகொண்டிருக்கிறார். தண்ணீரைத் துப்பிவிட்டு, வெறும் தொண்டையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறார். பிறகு துண்டால் வாயைத் துடைத்தபடி, "ம், வந்துட்டாரு" என்கிறார்.

மைக் அக்கா என்பது தெரு வைத்த பெயர். நகரத்தின் பெரிய பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. எந்த வண்டி எந்த மேடைக்கு வருகிறது, எது தாமதம், யாருடைய பை கேட்பாரற்றுக் கிடக்கிறது என்பதையெல்லாம் கூரையில் தொங்கும் ஒலிபெருக்கிகள் வழியாகச் சொல்கிறவர். ஆள் சின்ன உருவம். அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாது. குரல் மட்டும்தான் உயரம். ஒருநாள் மருந்துக்கடையில் அவர் தலைவலி மாத்திரை கேட்டதும், பக்கத்தில் நின்ற மனிதர் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். தான் எந்த ஊருக்கும் போகவில்லை என்பது அவருக்குப் படியிறங்கிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. அக்கா மாத்திரையை வாங்கிக்கொண்டு, "வண்டி இன்னும் வரல, மெதுவாப் போங்க" என்று சொல்லிவிட்டு அவரைத் தாண்டி நடந்தார்.

விடுமுறை நாட்களில் கால்பந்து அரங்கத்தில் அறிவிப்பு. உள்ளூர் லீக் ஆட்டங்களுக்குப் பார்வையாளர்களைவிடப் புறாக்கள் அதிகம் வரும். அந்தப் புறாக்களுக்கும் அக்கா ஒவ்வொரு ஆட்டக்காரரையும் முறையாக அறிமுகப்படுத்துவார். ஆட்டத்தின் விதிகள் அவருக்கு அவ்வளவாகப் பிடிபடாது. ஆஃப்சைடு என்றால் என்னவென்று நான் ஒருமுறை உப்பு டப்பாவையும் டம்ளர்களையும் நகர்த்திக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்துவிட்டு, "அதுக்குக் கொடி தூக்க ஆள் வெச்சிருக்காங்கல்ல? எனக்குப் பேரு போதும்" என்று டம்ளர்களைக் கழுவப் போட்டுவிட்டார். நான் அவர் வீட்டு மாடியில் குடியிருப்பவன். விளையாட்டைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதிப் பிழைப்பவன். அன்றோடு அவருக்கு விதிகளைச் சொல்லிக்கொடுக்கும் ஆசையை விட்டேன்.

கணவர் பூட்டு, சாவிக் கடை வைத்திருக்கிறார். அவருக்குக் கால்பந்தில் ஆர்வம் துளியும் கிடையாது. ஆனால் அக்காவின் பரிசோதனைக் காது அவர்தான். அக்கா சமையலறையில் இருந்து ஒரு பெயரைச் சொல்வார். கூடத்தில் இருக்கும் கணவர் காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அங்கே பெயர் உருமாறிவிட்டால் அக்கா அவரைக் குறை சொல்வதில்லை. தான் சொன்னதுதான் சரியில்லை என்று மறுபடி தொடங்குவார். கணவனும் மனைவியும் புரியாத பாஷையில் சண்டை போடுகிறார்கள் என்று எதிர்வீட்டில் கொஞ்ச நாள் கவலைப்பட்டார்கள். கணவர் என்னிடம் வேறு மாதிரி சொன்னார். "வீடு பூரா வெளிநாட்டு விருந்தாளிங்க சார். நல்லவேளை, யாரும் சாப்பாட்டுக்கு உக்காரல."

இந்த அமளிக்கெல்லாம் காரணம், கண்டங்களின் சாம்பியன் கிளப்புகள் மோதும் போட்டி எங்கள் நகரத்துக்கு வந்ததுதான். ஒவ்வொரு கண்டத்திலும் கோப்பை வென்ற அணி வந்து, உலகத்திலேயே யார் பெரியவர் என்று தீர்த்துக்கொள்கிற போட்டி. புறாக்களுக்கு மட்டும் போதுமானதாக இருந்த அரங்கத்துக்குப் புது இருக்கைகள் போட்டார்கள், புது விளக்குகள் மாட்டினார்கள். குரலை மட்டும் மாற்றவில்லை. ஐரோப்பாவிலிருந்தும் தென்னமெரிக்காவிலிருந்தும் வந்த அணிகள் தனி விமானத்தில் இறங்கின. பெருங்கடல் தீவுகளின் சாம்பியன்களோ வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, மூன்று விமானம் மாறி, கசங்கிய முகத்தோடு வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவர் படகு எஞ்சின் மெக்கானிக், நான்காம் எண் சட்டை போட்ட தடுப்பாட்டக்காரர் ரொட்டி சுடுகிறவர். முதல் ஆட்டமே ஐரோப்பியச் சாம்பியனோடு என்று சீட்டு விழுந்தது. தோற்பார்களா என்று யாரும் கேட்கவில்லை. எத்தனை கோல் என்றுதான் கேட்டார்கள்.

அறிவிப்புக்கு வந்த ஆட்டக்காரர் பட்டியலில் நான்காம் எண்ணின் பெயர் பாதியில் நின்றிருந்தது. கட்டத்துக்குள் அவ்வளவுதான் இடம். மீதியைக் கேட்டு அக்கா போட்டி மேற்பார்வையாளரிடம் போனார். அவர் நல்ல மனிதர்தான். இதற்கு முன் ஓர் ஊரில் அந்த முழுப்பெயரைச் சொல்லப் போன அறிவிப்பாளர் நடுவில் தடுக்கி விழுந்து, மறுபடி எழுந்து, மறுபடி விழுந்தாராம். அரங்கமே சிரித்ததாம். அதிலிருந்து அந்த ஆட்டக்காரரே "நம்பர் நான்கு" என்று மட்டும் சொன்னால் போதுமென்று எல்லா இடத்திலும் கேட்டுக்கொள்கிறாராம். அவர் விருப்பத்தை மீறி எதுவும் செய்ய முடியாது என்று மேற்பார்வையாளர் சொன்னார். அது நியாயம்தான் என்று அக்காவும் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டுவிட்டு, காலை வேலை முடிந்ததும், பேருந்து நிலையச் சீருடையோடே பயிற்சி மைதானத்துக்குக் கிளம்பினார். கூடவே நானும் போனேன்.

நான்காம் எண் கதவு உயரத்துக்கு இருந்தார். முன்கைகளில் அடுப்பு சுட்ட தழும்புகள். இவ்வளவு பெரிய ஆள் புல்லில் சம்மணமிட்டு உட்கார்ந்ததும், எதிரே நின்ற அக்காவின் முகத்துக்கு நேராக அவர் முகம் வந்தது. அணியின் மருத்துவர் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தார்.

"நம்பர் நாலுன்னே சொல்லிடுங்கன்னு சொல்றாரு. அவருக்கு அது பழகிடுச்சாம்."

"அவருக்குப் பழகிடுச்சு. எனக்குப் பழகலன்னு சொல்லுங்க."

மருத்துவர் அதைச் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் புல்லைப் பிய்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தலை நிமிராமலே, தன் பெயரை ஒருமுறை முழுதாகச் சொன்னார். நீளமான பெயர். நடுவில் இரண்டு இடத்தில் மூச்சை வெட்டி நிறுத்த வேண்டும். கடைசியில் குரல் மெல்ல மேலே ஏற வேண்டும். அக்கா திருப்பிச் சொன்னார். அவர் மரியாதையாகப் புன்னகைத்தார். அந்தப் புன்னகையிலேயே தன் மதிப்பெண் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. அக்கா இன்னொரு முறை சொன்னார். இன்னொரு முறையும். கடைசியில் நான்காம் எண் என்ன நினைத்தாரோ, காலுறைக்குள்ளிருந்து செல்போனை எடுத்து வீட்டுக்குப் போட்டார். திரையில் அவருடைய அம்மா வந்தார். பின்னால் ஈரத்துணி காய்ந்துகொண்டிருந்தது.

அக்கா முதலில் பெயருக்கு என்ன அர்த்தமென்று கேட்டார். அம்மா சொல்லச் சொல்ல மருத்துவர் சொன்னார். பிள்ளை பிறந்த அன்று அவன் அப்பா மீன் பிடிக்கப் போயிருந்தாராம். புயல் வந்துவிட்டதாம். தீவே கரையில் நின்றதாம். சாயங்காலம் படகு திரும்பி வந்ததாம், ஏறிப்போன அத்தனை பேரோடும். அதனால் 'புயலில் போன படகு எல்லோரோடும் கரைக்கு வந்தது' என்பதுதான் பிள்ளையின் பெயர்.

அக்கா கையிலிருந்த பட்டியலை விரித்து, அதில் அச்சாகியிருந்த பாதியை மட்டும் படித்தார். இதற்கு என்ன அர்த்தமென்று கேட்டார். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, புயலில் போன படகு, அவ்வளவுதான் என்றார்.

"அப்ப, நம்ம ஆளுங்க காகிதத்துல படகு இன்னும் கடல்லயேதான் நிக்குது," என்றார் அக்கா.

அதற்குப் பிறகு விடுவாரா? பட்டியலை மடித்துக் கைப்பைக்குள் போட்டுவிட்டு, உள்ளங்கையைத் தொண்டையில் வைத்துக்கொண்டு பாடம் கேட்க நின்றார். அங்கே அம்மா சொல்ல, இங்கே அக்கா சொல்ல, அங்கிருந்து 'ம்ஹூம்' வர, மறுபடி இவர் சொல்ல, சுற்றிலும் பயிற்சி நின்றுபோய் அணியே வந்து உட்கார்ந்துவிட்டது. ஒரு கட்டத்தில் அம்மா 'ம்ஹூம்' சொல்லவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். போன் குலுங்கியது, கூரை தெரிந்தது, துணி தெரிந்தது, மறுபடி அவர் முகம் தெரிந்தது.

"சரியா வந்துடுச்சாம்," என்றார் மருத்துவர், தானும் சிரித்துக்கொண்டு. "ஆனா திட்டுற மாதிரி இருக்காம். அவங்களும் இவரைத் திட்டும்போதுதான் முழுப்பேரையும் சொல்லிக் கூப்பிடுவாங்களாம்."

அப்போதுதான் நாங்கள் நான்காம் எண்ணைப் பார்த்தோம். எப்போது எழுந்தாரோ, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, விறைப்பாக நின்றிருந்தார். அணி உருண்டு புரண்டு சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும் ஒரு நிபந்தனை போட்டார். சொல்லலாம். ஆனால் ஒரே ஒரு தடவை தடுக்கினாலும் போட்டி முடியும்வரை அவர் நம்பர் நான்குதான். அக்கா கை நீட்டினார். அவர் கைக்குள் அக்காவின் கை காணாமல் போனது.

அன்றிலிருந்து அந்தப் பெயர் அக்காவோடு எழுந்தது, அக்காவோடு பேருந்து நிலையம் போனது. ஒரு மத்தியானம் ஒலிபெருக்கியில் வண்டி போகும் ஊரின் பெயருக்குப் பதிலாக அதுவே வந்துவிட்டது. அக்கா உடனே திருத்திச் சொன்னார். ஆனாலும் ஒரு பெரியவர் விசாரணை ஜன்னலுக்கு வந்து, இப்போது சொன்ன அந்த ஊருக்கு டிக்கெட் எவ்வளவு என்று கேட்டார். பெயரைக் கேட்டாலே போகவேண்டும் போல் இருக்கிறது என்றாராம். வீட்டில் கணவரின் வாயிலிருந்து பெயர் வெட்டு வெட்டாக, சரியான இடத்தில் நின்று நின்று, திரும்பி வரத் தொடங்கியது. ஆட்டத்தன்று கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக அவரும் அரங்கத்துக்கு வந்தார்.

அறிவிப்பு அறை உச்சியில் இருக்கிறது. முன்னால் திறந்து மூடுகிற கண்ணாடி ஜன்னல். நான் பின்சுவரோடு ஒட்டி நின்றேன். மேற்பார்வையாளர் காதில் ஹெட்போனோடு பக்கத்தில். கீழே இருக்கைகளெல்லாம் நிரம்பி, புறாக்களுக்கு ஒண்ட இடமில்லை. ஐரோப்பிய அணியின் பெயர்களை அக்கா வழவழவென்று சொல்லி முடித்தார். தீவு அணியில் ஒன்று, இரண்டு, மூன்று. நான்குக்கு முன்னால் நிறுத்தினார். டம்ளரைத் தள்ளி வைத்தார். முதுகை நிமிர்த்திக்கொண்டார், கால்கள் நாற்காலிக்குக் கீழே ஒன்றையொன்று பின்னிக்கொண்டன. மேற்பார்வையாளர் கூரையைப் பார்த்தார்.

அக்கா சொன்னார். முழுதாக, இரண்டு இடத்திலும் மூச்சை வெட்டி, கடைசியில் மேலேறி.

மைதானத்தின் நடுவில், வரிசையில் நின்ற நான்காம் எண் அவசரமாகச் சட்டையைக் கால்சட்டைக்குள் செருகிக்கொண்டு விறைப்பானார். இருபக்கமும் நின்றவர்கள் சிரிப்பை அடக்கமாட்டாமல் குனிந்தார்கள். எங்கிருந்தோ ஒரு விசில் வந்தது. அதைத் தொடர்ந்து கைதட்டல். கேலியாக ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. மேற்பார்வையாளர் ஒரு காதிலிருந்து ஹெட்போனைத் தூக்கிவிட்டு, மெதுவாக, தனக்குத்தானே அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தார். அவருக்கு வரவில்லை.

ஆட்டம் எல்லோரும் எதிர்பார்த்தபடிதான் போனது. இடைவேளைக்குள் இரண்டு கோல், அதன் பிறகு ஒன்று. ஆனால் இன்னும் நாலைந்து விழுந்திருக்க வேண்டும். ரொட்டி சுடுகிறவர் பந்தை நெஞ்சில் தடுத்தார், வயிற்றில் தடுத்தார், ஒருமுறை மூக்கால் தடுத்தார். ஒவ்வொரு தடுப்புக்கும் ஊர் அவர் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்தது. அவருக்கு மஞ்சள் அட்டை விழுந்தபோது அக்கா முறைப்படி பெயரைச் சொல்லத் தொடங்கினார். மறுபாதியைக் கிழக்குப் பக்க இருக்கைகள் சொல்லின, மூச்சு வெட்டும் இடம்கூடப் பிசகாமல்.

அக்கா திகைத்துப்போய் ஜன்னலோடு முகத்தை ஒட்டிப் பார்த்தார். கிழக்கு வரிசையில் ஒரு மனிதர் மட்டும் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். உள்ளங்கையைத் தொண்டையில் வைத்து, எங்கே நிறுத்த வேண்டும் என்று பின்வரிசைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பூட்டு, சாவிக் கடைக்காரர்.

"ஆட்டத்தைப் பாக்காம என்ன பண்றாரு இவரு," என்றார் அக்கா. ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை.

முடிய இன்னும் சில நிமிடங்கள். தீவு அணிக்கு ஒரு கார்னர் கிடைத்தது. தோற்றுக்கொண்டிருக்கும் அணிக்கு இழக்க என்ன இருக்கிறது? நான்காம் எண்ணும் தன் இடத்தை விட்டு முன்னால் போனார். வந்த பந்து கூட்டத்துக்கு மேலே உயர்ந்தது. அதைவிடக் கொஞ்சம் உயரமாக அவர் நெற்றி இருந்தது. வலை ஆடியது.

அரங்கம் எழுந்துவிட்டது. தோற்கப்போகிற அணியின் ஒரே கோலுக்கு இவ்வளவு சத்தம் நான் கேட்டதில்லை. அடித்தவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இரண்டடி ஓடினார், நின்றார், புல்லில் உட்கார்ந்துவிட்டார். எஞ்சின் மெக்கானிக்கும் பள்ளி ஆசிரியரும் அவர் மேல் விழுந்தார்கள்.

அக்கா பொத்தானை அழுத்தினார். கோல் என்றார். அணியின் பெயரைச் சொன்னார். "அடித்தவர், எண் நான்கு," என்றார். அடுத்ததற்கு வாயைத் திறந்தார். தொண்டையிலிருந்து எதுவும் வரவில்லை. டம்ளரைத் தேடினார். மேற்பார்வையாளர் பதறி அதை எடுத்து நீட்டுவதற்குள், கிழக்கிலிருந்து தொடங்கி, வடக்கும் மேற்கும் சேர்ந்துகொள்ள, அந்த நீண்ட பெயர் முழுதாக மேலே வந்தது. மறுபடியும் வந்தது.

அக்கா தண்ணீரை வாங்கவில்லை. ஜன்னலைத் தள்ளித் திறந்தார். மைக்கை அதன் தாங்கியிலிருந்து கழற்றி, நாற்காலி மேல் ஏறி நின்று, ஒயர் இழுபடுகிற மட்டும் வெளியே, கூட்டத்தின் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டார்.