மாமாவின் கலியாண ரையை வெட்டியவள்

எந்தப் பிறந்தநாளுக்குப் போனாலும், யார் வீட்டு முதல் நன்மைக் கொண்டாட்டத்துக்குப் போனாலும், மாமா என்னை யாருக்காவது அறிமுகம் செய்யாமல் விடமாட்டார். “இவள் ஆர் தெரியுமே? என்ர கலியாண ரையை வெட்டினவள்!” என்பார். ரை என்பது எங்கள் வீட்டுப் பேச்சில் கழுத்துப்பட்டி. ஆயிற்று, முப்பது வருடத்துக்குக் கிட்ட. மண்டபத்தில் இருக்கிற முக்கால்வாசிப் பேருக்குக் கதை மனப்பாடம். ஆனாலும் புதிதாக ஒரு மருமகனோ மருமகளோ அகப்பட்டால் போதும், மனுசன் முதலிலிருந்து தொடங்கிவிடுவார்.

நானும் சிரித்துக்கொண்டு நிற்பேன். என் பக்கத்து நியாயத்தை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்காவிட்டால் என்ன, சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்தது ஜேர்மனியில், கொலோன் நகரத்துக்குப் பக்கத்தில். அந்தப் பக்கத்துச் சனங்கள் வருடம் முழுக்க நேரத்துக்கு எழும்பி, நேரத்துக்கு வேலைக்குப் போய், குப்பையைக்கூட நிறம் பார்த்துப் பிரித்துப் போடுகிறவர்கள். தவக்காலம் தொடங்க ஒரு கிழமைக்கு முன்னால் மட்டும் அவர்களுக்கு என்னவோ ஆகிவிடும். மாறுவேடம் போட்டுத் தெருவில் ஆடுவார்கள். ஊர்வல வண்டிகளில் ஏறி நின்று இனிப்புகளை அள்ளி அள்ளி எறிவார்கள். வங்கி முகாமையாளர் சிவப்பு மூக்கு வைத்த கோமாளியாக வந்து அப்பாவின் முதுகில் தட்டுவார். அதற்குப் பெயர் கார்னிவல். விபூதிப் புதன் வந்ததும் எல்லாம் அடங்கி, நெற்றியில் சாம்பலோடு பழையபடி வரிசையில் நிற்பார்கள். நாங்களும் கத்தோலிக்கர்தான், ஆனால் மன்னாரில் அம்மா இப்படியொரு கூத்தைக் கண்டதேயில்லை. தவக்காலம் வந்தால் இறைச்சியை நிறுத்தவேண்டும் என்பதுதான் அவவுக்குத் தெரிந்தது. அதற்கு முன்னால் ஆடித் தீர்க்கலாம் என்பதை ஜேர்மன்காரரிடம்தான் படித்தா.

அந்த நாட்களில் முதலாவது வியாழக்கிழமை, அது பெண்களின் நாள். அன்றைக்கு ஒரு பெண் கத்தரிக்கோலோடு போய் எந்த ஆணின் ரையையும் முடிச்சுக்குக் கீழே கச்சக்கென்று வெட்டலாம். மேலதிகாரியென்றாலும் தப்பமுடியாது. வெட்டியவள் ஈடாகக் கன்னத்தில் ஒரு கொஞ்சல் கொடுக்கவேண்டும், கணக்கு முடிந்தது.

ஊரில் அப்பா நில அளவைக் கந்தோரில் வரைபடம் கீறியவர். ஜேர்மனியில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். கோப்பை கழுவுகிறவருக்கு ஏது ரை? முதல் வருடம் பரிமாறுகிற பெண்கள் கத்தரிக்கோலோடு ஆரவாரமாக வந்து, இவரின் வெறுங்கழுத்தைப் பார்த்துவிட்டு அப்படியே போய்விட்டார்களாம். அதை வீட்டில் வந்து சொல்லியிருக்கிறார். அடுத்த வருடம் அம்மா பழைய சாமான் சந்தையில் இரண்டு ரை வாங்கிவந்தா. ஒன்றைக் கட்டிக்கொண்டு, அதற்கு மேலே ஈரம் படாத ஏப்ரனையும் கட்டிக்கொண்டு, அப்பா கோப்பை கழுவப் போனார். அன்று அவருக்குத்தான் பெரிய கைதட்டு. மற்ற ரை எனக்கு. சோபாவில் இருந்துகொண்டு கழுத்தை நீட்டுவார், நான் இரண்டு கையாலும் கத்தரிக்கோலைப் பிடித்து வெட்டுவேன். பிறகு ஒவ்வொரு வருடமும் அப்படித்தான்.

நான் இரண்டாம் வகுப்புக்குப் போகிற வயதில் கனடா வந்து சேர்ந்தோம். மல்வேர்னில் மாமாவின், அதாவது அம்மாவின் அண்ணனின், வீட்டு நிலக்கீழ்ப் பேஸ்மென்ற்றில் குடியிருந்தோம். வந்த புரட்டாதியிலிருந்து நான் வாயைத் திறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எனக்குத் தெரிந்த ஜேர்மன் பாஷை ஒருவருக்கும் தெரியாது, அவர்களுடைய ஆங்கிலம் எனக்குத் தெரியாது. ஒருநாள் ஏதோ சொல்லப்போய் வகுப்பே சிரித்துவிட்டது. அதோடு வாயைப் பூட்டிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் மட்டுமல்ல, வீட்டிலும். தலையை ஆட்டுவேன், கையைக் காட்டுவேன், அவ்வளவுதான். ஆசிரியை இரண்டு முறை அம்மாவைக் கூப்பிட்டுக் கதைத்தா. டொக்டரிடம் காட்டச் சொன்னா. மாமி வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்த்தி வைத்தா. இன்றைக்கு என் கணவரிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார். “நீ? வாயை மூடிக்கொண்டு? அஞ்சு மாசம்?” என்று அந்த மாதாவைவிட அதிசயப்படுவார்.

மாசி மாதம் வந்தது. மிசிசாகாவில் ஒரு கந்தோரிலிருந்து அப்பாவுக்கு நேர்முகத்துக்கு வரச்சொல்லிக் கடிதம். கட்டடப் படம் கீறுகிற வேலை. ஊரை விட்டபிறகு அவருடைய கைக்கு உரிய வேலை முதல்தடவையாகக் கதவு வரை வந்திருந்தது. அம்மா ஒரு கிழமையாக அவருடைய வெள்ளைச் சேர்ட்டை மினுக்கிக்கொண்டே இருந்தா. மாமா வேலைக்கு லீவு போட்டுக் காரில் கொண்டுபோவதாகச் சொன்னார். தன்னிடமிருந்த ஒரேயொரு ரையையும் கொடுத்தார். பட்டு, மண்ணிறம், பொன் கோடு. கலியாணத்துக்குக் கட்டியது. “கவனம் மச்சான்” என்று பத்துத் தரம் சொல்லியிருப்பார்.

நேர்முகம் வைத்த நாளும் அந்த வியாழக்கிழமையாக அமைந்தது. அதற்கு நான் என்ன செய்ய?

காலையில் அம்மா கார்னிவலுக்குச் செய்கிற உருண்டைகளைப் பொரித்துக்கொண்டிருந்தா. மாவை எண்ணெயில் பொரித்து உள்ளே ஜாம் வைப்பது. என்னை எப்படியாவது கதைக்கவைக்கவேண்டும் என்பதுதான் அவவின் திட்டம். ஒன்றைக் கையில் தந்து, “இண்டைக்கு ஜேர்மனியில என்ன நாள், சொல்லுங்கோ பாப்பம்?” என்று கேட்டா. நான் சொல்லவில்லை. ஆனால் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. இதை அம்மாவின் கணக்கிலும் கொஞ்சம் எழுதவேண்டும், மாமாவின் கதையில் இந்தப் பகுதி வருவதேயில்லை.

தையல் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தேன். வெளியே மாமா ஹோர்ன் அடிக்கிறார். அப்பா தொப்பி, கையுறை, சப்பாத்து எல்லாம் போட்டு, கீறிய படங்களைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார். நான் பேஸ்மென்ற் படிகளில் ஏறி ஓடினேன். ஓடும்போதே கொலோன்காரர் கத்துகிற மாதிரி, “அலாஃப்!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். அது அந்த ஊர்க் கார்னிவல் கூச்சல். மாமி கையிலிருந்த தட்டத்தைப் போட்டுவிட்டா. அடுத்ததாக எனக்கு ஞாபகம் இருப்பது பொன் கோடு, அதற்கு மேலே முடிச்சு. கச்சக்!

பட்டு என்பதால் இலகுவாக வெட்டுப்பட்டது.

முறைப்படி அப்பாவின் கன்னத்தில் ஒரு கொஞ்சல் கொடுத்தேன். பிறகுதான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். மாவுக் கையோடு எனக்குப் பின்னாலேயே படியேறி வந்திருந்தா. “ஐயோ, என்ன வேலையடி செய்தனி! இனி மனுசன் என்னத்தைக் கட்டிக்கொண்டு போறது?” என்று அழுகிற குரலில் சொன்னா. மாமா உள்ளே வந்து, என் கையிலிருந்த துண்டைக் கண்டு, “என்ர கலியாண ரை!” என்று முதல்முறையாகச் சொன்னார். அந்த முதல்தடவையில் சிரிப்பு இருக்கவில்லை.

அப்பா கழுத்தில் மிச்சமிருந்த முடிச்சைக் கழற்றி மேசையில் வைத்தார். சேர்ட்டின் மேல்பொத்தானைப் பூட்டினார். “பிள்ளையை ஒருத்தரும் ஒண்டும் சொல்லாதையுங்கோ. நான் போட்டு வாறன்” என்று சொல்லிவிட்டு வெறுங்கழுத்தோடு மிசிசாகாவுக்குப் போனார்.

நான் அந்தப் பட்டுத் துண்டோடு பள்ளிக்கூடம் போனேன். ஆசிரியை இது என்ன என்று கேட்டா. எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாதி ஜேர்மன், பாதி ஆங்கிலம், ஒரு தமிழ்ச் சொல், கையால் கத்தரிக்கோல். வகுப்பு சிரித்தது, இந்தமுறை நானும் சேர்ந்து சிரித்தேன். பின்னேரம் அம்மாவைக் கூப்பிட்டு ஆசிரியை இதைச் சொல்லிக் கண்ணைத் துடைத்தாவாம். நல்ல மனுசி. திங்கட்கிழமை என்னைத் தேனீ வேடத்தில் வரவிட்டா, அம்மா பொரித்துக் கொடுத்த உருண்டைகளை வகுப்பு முழுக்கப் பகிர்ந்தா. அவவை நினைத்தால் இப்போதும் என் மனம் குளிரும்.

வேலை கிடைக்கவில்லை. இரண்டு கிழமை கழித்துக் கடிதம் வந்தது. அதற்கும் ரைக்கும் சம்பந்தமில்லை என்று அப்பா சொன்னார். அம்மா அதை நம்பவில்லை. நானும் நம்பவில்லை. பிறகு அவருக்கு விமான நிலையத்தில் பொதி ஏற்றுகிற வேலை கிடைத்தது, ஓய்வுபெறும்வரை அதே வேலைதான். என்னைப் படிப்பித்ததும் வீடு வாங்கியதும் அந்த உழைப்பில். ஆனால் அவர் யாராவது வீடு கட்டுகிற இடத்தில் நின்று, வரைபடத்தை எட்டிப் பார்க்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். அவருக்குத் திறக்க இருந்த கதவை நான்தான் அடைத்தேன், அவர் என்னை மன்னித்தார் என்று நினைத்துக்கொண்டே வளர்ந்தேன்.

இப்போது நாங்கள் ஸ்ரௌவ்வில்லில் இருக்கிறோம். எனக்கு ஒரு மகனும் ஒரு மகளும். மாசி மாதம் வந்தால் எங்கள் வீட்டில் கார்னிவல். பிள்ளைகள் வேடம் போட்டுக்கொண்டு கீழே நிற்பார்கள், நான் மேல்படியில் நின்று இனிப்பை எறிவேன். அயலட்டைப் பிள்ளைகளும் வந்துவிடுவார்கள். ஏன் எறிகிறோம் என்று ஒருவரும் கேட்பதில்லை.

போன மாசியில், அந்த வியாழக்கிழமை காலை. என் கணவருக்குக் கந்தோரில் முக்கியமான கூட்டம், ரை கட்டியிருந்தார். மகளுக்கு ஏழு வயது. நான் சொல்லிக்கொடுத்தபடி கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு “அலாஃப்!” என்று வாசலுக்கு ஓடினாள். ஓடியவள் அவருக்கு முன்னால் நின்று மேலும் கீழும் பார்த்தாள்.

“அம்மா, இற்ஸ் நொட் ஃபெயர்! டடா ஜக்கெட் சிப்பைப் போட்டிட்டார். நான் எப்பிடி வெட்டுறது?”

உண்மைதான். குளிர் உயிரை எடுத்தது. மனுசன் ஜக்கெட்டைத் தாடை வரை இழுத்துப் பூட்டியிருந்தார். ரை இருப்பதே தெரியவில்லை. “வந்து வெட்டலாம் குஞ்சு, இப்ப மீற்றிங்” என்று மகளின் தலையைத் தடவிவிட்டுக் காரில் ஏறினார். நல்ல தகப்பன்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

நான் கதவைச் சாத்தாமல் அப்படியே நின்றேன். அப்பாவும் அன்று மாசிக் குளிருக்குள் போகத்தான் வாசலில் நின்றார். தொப்பி போட்டிருந்தார், கையுறை போட்டிருந்தார். ஜக்கெட்டை மட்டும் பூட்டாமலா இருந்திருப்பார்?

மல்வேர்னில் அப்பா வீட்டுக்குப் போன் எடுத்தேன். அம்மா பூசைக்குப் போயிருந்தா, அப்பாதான் எடுத்தார்.

“அப்பா, நான் மாமாவின்ர ரையை வெட்டேக்க, உங்கட ஜக்கெட்டை ஆர் திறந்தது?”

“உதெல்லாம் இப்ப ஏன்? அங்க ஸ்னோ கொட்டுதோ?” என்றார்.

“சொல்லுங்கோ அப்பா.”

“நான்தான் திறந்தனான்.”

“நேர்முகத்துக்குப் போறீங்கள் எண்டு தெரிஞ்சுமோ?”

“நீ கத்திக்கொண்டு வந்தனி, பிள்ளை” என்றார். “அஞ்சு மாசத்துக்குப் பிறகு. நான் திறக்காமல் விட்டால், பேந்து நீ வாய் திறப்பியோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியேல்லை.”