ஒரு பிளாஸ்க், இரண்டு வெளிச்சம்

போன வாரம் பஜாரில் குடை வாங்கப் போனேன். "ஆச்சி, லேடீஸா ஜென்ட்ஸா?" என்று கடைப்பெண் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தாள். பிரித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே கறுப்பு, ஒரே நீளம். பெட்டிப் படத்தில்தான் வித்தியாசம். ஒன்று பால் கலந்தாற்போல வெளுத்த வெளிச்சத்தில். இன்னொன்று இருட்டுக்குள், ஒரு பக்கம் மட்டும் பளீரென்று. சிரிப்பு வந்துவிட்டது. "என்ன ஆச்சி, சிரிக்குதீங்க?" என்றாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் பேச வராது. உங்களுக்கென்றால் எழுதிவிடலாம்.

தொண்ணூறுகளில் கோவில்பட்டியில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் பெருக்கித் துடைக்கிற வேலை பார்த்தேன். அந்த இடத்தை நினைத்தாலே சூடான வேட்டி வாசனைதான் வருகிறது. ஸ்டுடியோ அண்ணாச்சி பெரிய லைட்டுக்கு முன்னால் தன் பழைய வேட்டியை மடித்துத் தொங்கவிடுவார். வெளிச்சம் வடிந்து மெதுவாக விழும். அது பொம்பளை லைட்டு. வேட்டியை உருவிவிட்டு, லைட்டை ஓரமாகத் தள்ளினால் ஆம்பளை லைட்டு. ஆம்பளை வேட்டியில் பொம்பளை லைட்டா என்று கேட்க எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

ஒருநாள் பாத்திரக் கடைக்காரர் சாம்பல் நிறத்தில் ஒரு பிளாஸ்க் கொண்டுவந்தார். பெண்களுக்கு ஒரு நோட்டீஸ், லாரிக்காரர்களுக்கு ஒரு நோட்டீஸ் வேண்டுமாம்.

"இன்னொரு பிளாஸ்க் எங்க?" என்றார் ஸ்டுடியோ அண்ணாச்சி.

"இருக்கது ஒரு மாடல்தான். நீங்க பாத்துச் செய்யுங்க."

பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "ஏம்மா, சும்மா பிடி. கைதான் விழும், மூஞ்சி விழாது."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பருத்தி எடுத்து முடிந்த காட்டில் காய்ந்த மாரைப் பிடுங்கிப் பிடுங்கி முட்டி முட்டியாகப் புடைத்த கை என்னுடையது. "ஒனக்கு வளையல் சேராது தாயி, வண்டிச்சக்கரத்து இரும்புப் பட்டாதான் மாட்டணும்" என்று வளையல்காரி தெருவே சிரிக்கச் சொன்னதிலிருந்து, கையை முந்தானைக்குள்ளேயே வைத்திருப்பேன்.

"இந்தக் கை வேண்டாம் அண்ணாச்சி."

"வேட்டி இருக்கும்போது ஒனக்கென்ன கவல?"

மேகம் மூடிய நாளில் கரிசலில் வெடிப்பே தெரியாதல்லவா, முதல் படத்தில் என் கை அப்படி இருந்தது. பிளாஸ்க் புறாக்கழுத்தாக மின்னியது. வேட்டியை உருவிவிட்டு எடுத்த இரண்டாவது படம், சாயங்கால வெயில் விழுந்த அதே கரிசல்காடு. ஒவ்வொரு முட்டியும் தன் நிழலோடு நின்றது. பிளாஸ்க் இரும்புக்குண்டு மாதிரி இருந்தது. வாங்கிப்போன ஒருத்தி, "இது ஆம்பள பிளாஸ்க்குல்லா" என்று திருப்பிக் கொண்டுவந்தாளாம். கடைக்காரர் உள்ளே போய் அதையே துடைத்துக் கொடுத்திருக்கிறார். சந்தோஷமாகப் போனாளாம்.

நோட்டீஸ் இரண்டையும் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் அடுத்தடுத்து ஒட்டினார்கள். எனக்கு ஒரே ஆசை. வீட்டுக்காரர் அந்த முதல் படத்தைப் பார்த்து, என் கை என்று கண்டுபிடிக்க வேண்டும். அவர் ஆடு மேய்க்கிறவர். டவுனுக்கு வருவதே அபூர்வம். ஜவுளி எடுக்க வந்த அன்று, எட்டயபுரம் பஸ்ஸுக்கு நிற்கிற சாக்கில் சுவரோரம் கூட்டிப்போனேன். படத்தைப் பற்றி நானாகச் சொல்லவில்லை.

முதல் படத்தை ஒரு பார்வை பார்த்தார். நகர்ந்துவிட்டார். அடுத்ததில் நின்றார். கிட்டே போனார்.

"ஏட்டி, இது ஒன் கைல்லா?"

"அது ஆம்பளக் கை," என்றேன்.

"சும்மா கெட. எனக்குத் தெரியாதாக்கும்?" முந்தானைக்குள்ளிருந்து என் கையை இழுத்துப் படத்தோடு சேர்த்து வைத்தார். பக்கத்தில் நின்ற கண்டக்டரிடம், "அண்ணாச்சி, எம் பொண்டாட்டி கையி, பாத்தியளா!" என்றார். பஸ் ஸ்டாண்டே பார்த்தது. வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. சுவரையும் இடித்துக் கட்டிவிட்டார்கள். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். முட்டிகள் முன்னைவிடப் புடைத்துவிட்டன. முகத்தைப் பார்க்காமல், கையை மட்டும் பார்த்து, இது இன்னாள் என்று சொல்ல ஆளில்லை.