இரண்டாவது துப்பாக்கிக்கு வைத்த பொட்டு

இந்த ஆயுத பூஜைக்கு ஃப்ரீமான்ட்டில் என் தோழியின் புது அபார்ட்மென்டுக்குப் போயிருந்தேன். பலகையில் கார் சாவி, லேப்டாப், அவள் மகளின் வயலின், காய் நறுக்கும் கத்தி. சந்தனம், குங்குமம் வைக்கும் வேலை வழக்கம்போல எனக்கு. என் கை ராசியாம். உண்மையில் அவளுக்குச் சோம்பல். ஆனாலும் அந்தப் பலகையைப் பார்க்க எனக்கு அவ்வளவு நிம்மதி.

போன ஆயுத பூஜையின்போது அவர்கள் லிவர்மோரில் சொந்த வீட்டில் இருந்தார்கள். அவள் கணவர் தன் கைத்துப்பாக்கிகளைக் கொண்டுவந்து பலகையில் வைத்தார். கறுப்பு இங்கே வாங்கியது. வெள்ளி நிறத்தது முன்பு டெக்சாஸில், கேட்டி என்ற ஊரில் குடியிருந்தபோது வாங்கியது. “ஆயுத பூஜைன்னா ஆயுதம் வேணாமா?” என்று ஒரு இளிப்பு வேறு. ஆபீஸ் மீட்டிங்கில் வாயே திறக்காத மனிதர், வீரமெல்லாம் வீட்டில்தான். இரண்டுக்கும் நான் பொட்டு வைத்தேன். அவர் படம் எடுத்து, “என் ரெண்டு செல்லங்கள்” என்று எழுதி எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்.

சில மாதம் கழித்து ஒரு சண்டையில் கறுப்பை எடுத்து டைனிங் டேபிளில் வைத்து, “இப்ப பேசு” என்றிருக்கிறார். அவள் மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

கோர்ட்டில், அவர் அவளை நெருங்கக் கூடாது என்று தடை உத்தரவு கிடைத்தது. அப்படி உத்தரவு வந்தால் இங்கே வைத்திருக்கும் துப்பாக்கிகளையெல்லாம் போலீசிடமோ லைசென்ஸ் உள்ள கடையிலோ உடனே ஒப்படைத்து, ரசீதைக் கோர்ட்டில் காட்ட வேண்டும். அவரும் காட்டினார். கறுப்புக்கு மட்டும்.

“வெள்ளி ஒண்ணு இருக்குடி. டெக்சாஸ்ல வாங்கினதால இந்த ஊர் ரெகார்டுல அது கிடையாது. அவர் இல்லவே இல்லைங்கறார். நான் சொன்னா யார் நம்புவா?” என்றாள்.

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. வெளியே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டால் போதும், எழுந்துபோய் ஜன்னல் வழியே பார்ப்பாள். அவளைப் பார்த்து எனக்கு அவர்மேல் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை விளக்கேற்றச் சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தபோதுதான் சட்டென்று உறைத்தது. ரெண்டுக்கும் பொட்டு வைத்தது நானாயிற்றே! ஈரக் கையோடு போனை எடுத்துக் குரூப்பில் தேடினேன். படம் அப்படியே இருந்தது. தற்பெருமைக்காரர்கள் எதையும் அழிக்க மாட்டார்கள்.

அடுத்த விசாரணையில் அவள் வக்கீல் அந்தப் படத்தைக் கொடுத்தார். நீதிபதி அம்மாள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்துவிட்டு, இது என்ன புள்ளி என்று கேட்டார். வருடத்தில் ஒரு நாள் நாங்கள் புழங்கும் கருவிகளை வணங்குவோம், அப்போது வைப்பது என்று சாட்சிக் கூண்டிலிருந்து விளக்கினேன். இரண்டுக்கும் நீங்களே வைத்தீர்களா என்றார். “எஸ், யுவர் ஆனர்” என்றேன். குரல் கொஞ்சம் ஓங்கியே வந்தது.

கணவரின் வக்கீல் மெல்ல அவர் பக்கம் திரும்பினார். மறந்துவிட்டதாம், கராஜில் ஏதோ பெட்டியில் கிடக்கிறதாம். அன்றைக்கே போலீஸ் போய் வெள்ளியை வாங்கிக்கொண்டது. நீதிபதி தடை உத்தரவையும் சில வருடங்களுக்கு நீட்டித்தார்.

இந்த வருடப் பூஜை முடிந்ததும் ஒரு கிண்ணம் சுண்டலைத் தின்றுவிட்டு அவள் சோபாவில் சாய்ந்தாள். பால்கனிக் கதவு திறந்து கிடந்தது. கீழே பார்க்கிங்கில் யாரோ கார் கதவை ஓங்கிச் சாத்தினார்கள். திடுக்கிட்டு எட்டிப் பார்த்தது நான்தான். யாரோ மளிகைப் பைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பினால், அவள் வாயைத் திறந்தபடி குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறாள்.

“ஷீ டஸ் திஸ் எவ்ரி டே, ஆன்ட்டி” என்று மகள் அலுத்துக்கொண்டாள்.

“விடட்டும்டி செல்லம், நல்லா விடட்டும்” என்றேன்.