எதையும் பூட்டாத பூட்டு

இது நடந்தது. ஆவடி பக்கம் முத்தாபுதுப்பேட்டையில், ஒரு மாடி வீட்டில், கார்த்திகா என்ற பெண்ணுக்கு நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நடுராத்திரி, நாய் ஊளை, மல்லிகை வாசனை என்றெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். இதில் எல்லாமே பகலில் நடந்தது. பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலடிக்கும் நேரத்தில்.

கார்த்திகா வேதியியல் படித்தவள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்க மாட்டாள். அவள் வாயாடியதெல்லாம் ஒரே ஒருவரிடம்தான். அப்பா மனோகரன். ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டர். முப்பது வருஷம் ஆவடியில் இருந்தும் திருநெல்வேலிப் பேச்சை விடாத மனுஷன். "ஏட்டி கார்த்தி, இங்க வாட்டி" என்று அவர் கூப்பிட்டால் தெருமுனை டீக்கடையில் கேட்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் போயின. குவார்ட்டர்ஸைக் காலி செய்து இந்த மாடி வீட்டுக்கு வந்தார்கள். நடை கொஞ்சம் திரும்பியது. பேச்சு திரும்பவில்லை. தொண்டைக்குள் ஒரு "ம்ம்", அவ்வளவுதான். எதையாவது கேட்டால் இடது கையால் அவள் மணிக்கட்டை அழுத்துவார். ஒரு அழுத்து என்றால் சரி. இரண்டு அழுத்து என்றால் வேண்டாம்.

அந்த 'ஏட்டி'யை இன்னொரு தரம் கேட்பதற்கு அவள் எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பாள். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்த வினை.

கீழே வீட்டுக்காரம்மா கன்னியம்மாவும் அவள் மகன் கோகுல்நாத்தும். அவனுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. ஆன்லைனில் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கி வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமையானால் வற்றிய ஏரியின் கரையில் அதை ஆட்டிக்கொண்டு நடப்பான். சோடா மூடி, ஆணி, குடைக்கம்பி... எது கிடைத்தாலும் துரு எடுக்க நேராக மாடிக்கு, கார்த்திகாவிடம் வரும்.

அன்று வந்தது, உள்ளங்கையில் அடங்கும் ஒரு கட்டி.

"இன்னா கார்த்தி, புதையலா பாரு. பாதி எனக்கு."

"மண்ணாங்கட்டி."

"மண்ணாங்கட்டிக்கு மிஷினு ஏன் அப்டி கத்துது? கரை மேல வேப்பமரத்தாண்ட, ஒரு முழம் தோண்டி எடுத்துகினு வந்துகீறேன். மருவாதி குடு."

அவள் காந்தம் வைத்துப் பார்த்தாள். கட்டியின் மேல்பக்கம் ஒட்டியது. கீழ்ப்பக்கம் ஒட்டவில்லை. மேலே இரும்பு, கீழே பித்தளை. பழைய பல் பிரஷால் தேய்த்தாள். பச்சைக் களிம்புக்குள்ளிருந்து ஒரு சின்னத் துவாரம் தெரிந்தது.

பூட்டு.

பூட்டியிருந்தது. சங்கிலி இல்லை, தாழ்ப்பாள் இல்லை. எதிலும் மாட்டாமல், வெறும் காற்றில் பூட்டியிருந்தது.

சாவித் துவாரத்தை அரக்கு வைத்து அடைத்திருந்தார்கள். ஊசியால் நோண்டினாள். அரக்கோடு முடியும் வந்தது. நீளமான முடி. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது... அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அவள் நிறுத்தவில்லை.

பின்பக்க பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் டப். தண்ணீரில் சலவை சோடா. பழைய அடாப்டரின் நெகட்டிவ் ஒயரைப் பூட்டின் வளையத்தில் கட்டினாள். பாசிட்டிவ் ஒயரை ஒரு இரும்புக் கம்பியில். கரண்ட் பாய்ந்தால் பூட்டைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பும், துரு இளகி உதிரும். அவளுக்கு மனப்பாடமான வேலை. அப்பா பால்கனிக் கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஃபிட்டர் அல்லவா.

மறுநாள் மதியம் கரண்ட் போயிற்று. ஃபேன் நின்றது. கீழே கன்னியம்மாவின் மிக்சி நின்றது. தெருவே அடங்கியது.

குமிழி மட்டும் அடங்கவில்லை.

ப்ளக்... ப்ளக்...

மிச்சக் காற்றாக இருக்கும் என்று நினைத்தாள். அடாப்டரைப் பிடுங்கினாள். ஒயரையும் கழற்றினாள்.

ப்ளக்... ம்ம்... ப்ளக்...

யாரோ வாயைப் பொத்தியிருக்க, அந்தக் கைக்குள்ளேயே ஒருத்தி பேசப் பார்ப்பது போல. திரும்பினாள். அப்பாவின் உதடுகள் அசைந்தன. குமிழியின் அதே தாளத்தில்.

பயந்திருக்க வேண்டும். அவளுக்கு வந்தது சந்தோஷம். உதடு அசைகிறதே! பூட்டை எடுத்தாள், கழுவினாள், தையல் மிஷின் எண்ணெய் விட்டாள். மரக்கட்டையால் வளையத்தில் லேசாகத் தட்டினாள்.

டக்.

திறந்துகொண்டது.

"அப்பாடா..." என்றார் அப்பா.

அடுக்களையில் பாத்திரம் விழுந்தது. அம்மா ராஜகுமாரி ஓடி வந்தாள். அப்பாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். "இன்னொரு தடவ சொல்லுங்க. என்னவாது சொல்லுங்க."

"தண்ணி குடு. தாகமா கீது."

அம்மா அழுகையிலேயே சிரித்துவிட்டாள். "முப்பது வருசமா ஒட்டாத மெட்ராஸ் பாஷை இப்பத்தான் ஒட்டுதாக்கும்! எந்தப் பாஷையா இருந்தா என்னட்டி, அப்பா பேசுதாவல்லா."

கார்த்திகா சிரிக்கவில்லை. வாய் பேசியது. கண் பேசவில்லை. தன் வாயிலிருந்து வருவதைத் தானே கேட்டு அரண்டுபோன கண்கள் அவை. அதுவும், அவளை அவர் 'ஏட்டி' என்று கூப்பிடவில்லை. "இந்தா பொண்ணே" என்றார்.

பேசுவது அப்பா இல்லை என்று அவளுக்கு அப்போதே தெரியும். ஆனால் அம்மா திருநெல்வேலியில் இருக்கும் சொந்தத்துக்கெல்லாம் போன் போட்டு, அப்பாவின் வாயருகே பிடித்துக்கொண்டிருந்தாள். எப்படிச் சொல்வது? திறந்த பூட்டு ஜன்னல் விளிம்பில் கிடந்தது. அதன் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினாள்.

வேண்டுதலை முடிக்க அம்மா திருவேற்காட்டுக்குப் போன அன்று, வீட்டில் இவர்கள் இருவர் மட்டும். அப்பாவின் வாய் கேட்டது.

"பார்வதம் எங்க கீறா?"

"எந்தப் பார்வதம்ப்பா?"

"கேட்டுச் சொல்லு. சொன்னா உங்க நைனா வாய உங்க நைனாவுக்கே குட்த்துர்றேன்."

கார்த்திகா எழுந்து வெளியே ஓடியிருக்கலாம். அவள் கீழே இறங்கி, கன்னியம்மாவிடம் கேட்டாள்.

"ஆன்ட்டி, பார்வதம்னு யாராச்சும் தெரியுமா?"

கன்னியம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. "மண்ணூர்பேட்டைல பூ கட்டுதே, அதுவா? எங்க பெரிய ஓர்ப்படி, எங்க ஊட்டுக்காரரு அண்ணன் பொண்டாட்டி. மார்க்கெட் பின்னாடி ஊடு. ஏன் கண்ணு?"

"சும்மா."

மேலே வந்தாள். அப்பாவின் காதருகே குனிந்தாள். மண்ணூர்பேட்டை... மார்க்கெட் பின்னாடி... கிசுகிசுத்தாள்.

அப்பாவின் உதடுகள் சிரித்தன. கண்களில் நீர் வழிந்தது.

பிறகு சத்தமே இல்லை. சாயங்காலம் அவள் காபியோடு வந்தபோது...

"ஏட்டி..."

அவரேதான். அவர் குரல். கரகரத்து, உடைந்து, அவருடைய சொந்தக் குரல்.

"ஏட்டி கார்த்தி..."

அவர் மடியில் முகம் புதைத்து அழுதாள். கேட்டது கிடைத்துவிட்டது.

மறுநாள் அந்தி சாயும் நேரம் கன்னியம்மா படியேறி வந்தாள். குளித்த தலை. ஈரம் சொட்டியது.

"பார்வதம் பூட்ச்சிம்மா. நல்லாத்தான் பூ கட்டிகினு இருந்துச்சாம். பேசிகினு இருக்க சொல்லவே சாஞ்சிட்ச்சி. வாய் மூடல கண்ணு. துணியால கட்னாங்க, அவுந்துக்குது. மறுபடி கட்னாங்க, அவுந்துக்குது. கடைசில தொறந்த வாயோடதான் தூக்கினாங்க."

கார்த்திகா கதவைப் பிடித்துக்கொண்டாள். நான்தானே இடம் சொன்னேன்... கன்னியம்மா இறங்கிப் போகும் செருப்புச் சத்தம் தேய்ந்தது.

பின்னாலிருந்து குரல் வந்தது.

"இன்னொருத்தி கீறா."

திரும்பினாள். அப்பாவின் வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

"கிட்டதான் கீறா..."

துணியை வீசி எறிந்துவிட்டுப் பூட்டை எடுத்தாள். சுட்டது. அப்பா முன்னால் மண்டியிட்டாள். வளையத்தின் மேல் கட்டைவிரல்.

"அப்பா, பூட்டிடவா? சொல்லுங்கப்பா. பூட்டிடவா?"

இடது கை அவள் மணிக்கட்டைத் தேடி வந்தது.

ஒரு அழுத்து.

பூட்டினாள்.

டக்.

அப்புறம்தான்... இரண்டாவது அழுத்து வந்தது.

வாய் பாதிச் சொல்லில் நின்றது. உதடுகள் தாமாக ஒட்டிக்கொண்டன. 'ஏட்டி' போயிற்று. அதற்கு முன்பிருந்த "ம்ம்" கூட இல்லை. அப்பா தன் கையை மெதுவாக எடுத்துக்கொண்டார். அதன்பிறகு அந்தக் கை அவள் கையைத் தேடவே இல்லை.

வெளிச்சம் முழுதாகப் போவதற்குள் ஏரிக்கரைக்கு ஓடினாள். வேப்பமரத்தடியில் அதே குழியில் பூட்டைப் போட்டு மூடிவிட்டு வந்தாள். அம்மாவிடம் சொல்லவில்லை. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் மறுபடியும் அடைத்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். அம்மா நம்பினாள்.

பார்வதத்தின் காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள், கன்னியம்மா அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுவந்தாள். அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். கார்த்திகாவுக்குள் பல நாளாக அறுத்துக்கொண்டிருந்தது வெளியே வந்துவிட்டது.

"ஆன்ட்டி, பார்வதம்மாவுக்கு யாராச்சும் விரோதி உண்டா?"

கன்னியம்மா கஞ்சியை ஆற்றினாள்.

"விரோதின்னு இன்னா சொல்றது. எங்க நடு ஓர்ப்படி ஒருத்தி இருந்தா, நாகம்மாள்னு. நீ பொறக்கறதுக்கு முன்னாடி. ஒடம்பெல்லாம் நெருப்பு. ஆஸ்பத்திரில ரெண்டு நாள் நெனவோடதான் கெடந்தா. போலீஸ் வந்து கேட்டுச்சு, யாரும்மா கொளுத்துனதுன்னு. மூஞ்சில ஒரு காயம் இல்ல கண்ணு. வாய் நல்லாத்தான் இருந்துச்சு. டாக்டர் கூட தொறந்து பாக்க ட்ரை பண்ணாரு. தொறக்கவே முடில. அப்டியே பூட்டா."

ஒரு ஸ்பூன் கஞ்சியை அப்பாவுக்குப் புகட்டினாள். வழிந்ததை முந்தானையால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, குரலை ஏற்றாமல் கேட்டாள்.

"கோகுல் குட்த்த அந்தப் பூட்ட இன்னா பண்ண?"

"எடுத்த எடத்துலயே... புதைச்சிட்டேன்."

"எம்மாம் ஆழம்?"

கார்த்திகா கையால் ஒரு முழம் அளந்து காட்டினாள்.

"ஆழமா பொதைக்கணும் கண்ணு," என்றாள் கன்னியம்மா. "நானும் பார்வதமும் அன்னிக்கி அவசரத்துல மேலாக்க பொதைச்சிட்டோம்."